படித்துறைப் படத்தின் இசை குறித்து நண்பனுக்கு

அன்பு நண்பா,

உன் கடிதத்துக்கு உடனே பதில் எழுதாமல் விட்டதற்கு மன்னித்துவிடு. அம்மாவின் மூட்டுவலி இப்போது தேவலை. மதினிக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பைச் சொல். இன்று எழுத உட்கார்ந்ததற்குக் காரணம், நம் அண்ணாச்சி மகனுக்கு நேர்ந்திருப்பது உனக்கும் நேர்ந்துவிடக் கூடாது என்ற கவலைதான்.

அவனுடைய சமையல் சேனலில் நன்றாக ஓடிக்கொண்டிருந்த கருப்பட்டி அல்வா வீடியோவுக்குக் காப்பிரைட் கிளைம் (இதிலுள்ள இசை எங்களுடையது என்ற உரிமைக் கோரிக்கை) வந்து, விளம்பர வருமானம் முகம் தெரியாத ஒருவருக்குப் போகத் தொடங்கியிருக்கிறது. 'காப்பிரைட் இல்லாத ஏஐ இசை, தாராளமாகப் பயன்படுத்துங்கள்' என்று அறிவித்திருந்த ஒரு சேனலிலிருந்து பின்னணி இசையை எடுத்திருக்கிறான். அதே இசையை வேறு எவரோ தம்முடையது என்று பதிவாகியிருக்கும் ஒலியோடு வீடியோக்களை ஒப்பிட்டுப் பார்க்கும் யூடியூபின் கன்டென்ட் ஐடியில் முன்பே ஏற்றிவிட்டார். தமக்கு மட்டுமே உரிமையுள்ள ஒலியைத்தான் அங்கே ஏற்றலாம் என்பது விதி. ஆனால் இரண்டு ஒலிகளும் ஒன்றா என்று மட்டும் பார்க்கிற இயந்திரத்துக்கு, அதை உருவாக்கியவர் யார் என்பது எப்படித் தெரியும்? மறுப்புத் தெரிவித்திருக்கிறான், எதிராளிக்குப் பதில் சொல்ல 30 நாள் அவகாசம் உண்டு. அதற்குப் பிறகும் வழக்காட இவன் கையில் ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை.

உன் சேனலுக்காக எடுக்கும் படித்துறைப் படத்தின் முதல் பகுதிக்கான இசை முழுவதையும், கேட்டபடி இசை உருவாக்கித் தரும் ஏஐ சேவையான சுனோவில் உருவாக்கியதாக எழுதியிருந்தாய். இலவசக் கணக்கிலா, பணம் கட்டிய கணக்கிலா என்பதை நீ சொல்லவில்லை. இலவசக் கணக்கில் உருவாக்கியதை வருமானம் ஈட்டும் வீடியோவில் சேர்க்க அவர்களுடைய விதி இடம் தருவதில்லை. பின்னால் சந்தா கட்டினாலும், முன்பு உருவாக்கியவற்றுக்கு அந்த அனுமதி தானாக வந்துவிடாது. பணம் கட்டியிருந்தால் ரசீதையும், ஒவ்வொரு இசையும் உருவான தேதியையும், அன்றைய விதிமுறைப் பக்கத்தின் நகலையும் பத்திரப்படுத்து. இந்த நிறுவனங்களின் நிலைமை எப்போது மாறும் என்று சொல்ல முடியாது. யுனிவர்சல், சோனி, வார்னர் ஆகிய மூன்று பெரிய இசை நிறுவனங்களும் 2024 ஜூனில் சுனோ மீதும், அதே போன்ற இன்னொரு சேவையான உடியோ மீதும் வழக்குத் தொடுத்தன. 2025 அக்டோபரில் யுனிவர்சலோடு சமரசமான கையோடு உடியோ பதிவிறக்கத்தையே நிறுத்திவிட்டு, பழைய பாடல்களை எடுத்துக்கொள்ள 48 மணி நேரம் மட்டும் கொடுத்தது. தங்கள் படத்துக்கான இசைக் கோப்புகளை அங்கேயே விட்டு வைத்திருந்தவர்களின் கதியை நினைத்துப் பார்.

சேனலுக்கென்று ஒரு முத்திரை இசையையும் இப்படியே உருவாக்கப்போவதாகச் சொன்னாயே, அதைத் தயவுசெய்து கைவிடு. ஏஐக்குக் கட்டளை வாசகம் (பிராம்ப்ட்) மட்டும் கொடுத்துப் பெற்ற படைப்புக்குக் காப்பிரைட் கிடையாது என்று அமெரிக்கக் காப்பிரைட் அலுவலகம் 2025 ஜனவரியில் வெளியிட்ட அறிக்கையில் கூறியிருக்கிறது. நாளை ஒருவன் உன் முத்திரை இசையை எடுத்துத் தன் பெயரில் ஏற்றிவிட்டால், உன் வீடியோக்கள் அத்தனைக்கும் அவனிடமிருந்து கிளைம் வரும். உன்னுடையது என்று நிரூபிக்க உனக்கு வலுவான பிடி எதுவும் இருக்காது.

சட்டம் கிடக்கட்டும், காதுக்கு வருவோம். உன் படத்தில், நெல்லைக் குறுக்குத்துறையில் அந்த ஆச்சி 2023 டிசம்பர் வெள்ளத்தைப் பற்றிச் சொல்லுமிடத்தை ஹெட்போனில் மீண்டும் கேள். அவர் குரல் தாழும்போதெல்லாம் வயலின்கள் மேலேறி வந்து வல்லின எழுத்துகளை விழுங்கிவிடுகின்றன. 'கல்மண்டபம்' என்கிற இடத்தில் 'மண்டபம்' மட்டும்தான் காதில் விழுகிறது. அவர் நிறுத்தி மூச்சு வாங்குகிற இடத்தில் படித்துறையில் துணி துவைக்கும் சத்தம் கேட்டிருக்க வேண்டும். நீ பதிவு செய்திருந்தாய், எனக்கு அனுப்பியும் இருந்தாய். அதைவிட எந்த இசை அங்கே பொருந்தும்? நாதஸ்வரம் கேட்டதற்கு அந்த மென்பொருள் ஷெனாய் போன்ற ஒன்றைத் தந்திருக்கிறது, தவிலுக்குப் பதில் தபேலா ஒலிக்கிறது. ஊர்க்காரர்கள் பார்த்தால் என்ன நினைப்பார்கள், நண்பா? நீ பிறந்த தெருவில் திருவிழாவுக்குத் திருவிழா நாதஸ்வரம் கேட்டு வளர்ந்தவர்கள் அல்லவா நாம்!

இரண்டாம் பகுதியின் தொடக்கத்தில், மறைந்த பாடகர் ஒருவரின் குரலை ஏஐயால் கொண்டுவரும் யோசனையை மட்டும் நான் கடுமையாக மறுக்கிறேன். ஏ.ஆர். ரஹ்மான் 2024இல் மறைந்த பாடகர்கள் பம்பா பாக்யா, ஷாகுல் ஹமீது ஆகியோரின் குரல்களை ஒரு பாடலில் கொண்டுவந்தபோது, குடும்பத்தாரிடம் அனுமதி பெற்று அதற்குரிய ஊதியமும் கொடுத்ததாகச் சொன்னார். அதே ஆண்டு ஜூலையில், தம் குரலை ஏஐயால் நகலெடுப்பதற்கு எதிராகப் பாடகர் அரிஜித் சிங் பம்பாய் உயர் நீதிமன்றத்தில் இடைக்காலத் தடை பெற்றார். சட்டத்துக்குப் பயந்து மட்டும் இதைச் சொல்லவில்லை. அந்தப் பாடகரின் வீட்டில் இன்றும் அவர் குரலுக்காக ஏங்குகிறவர்கள் இருப்பார்கள். கேட்காமல் எடுக்க நமக்கு என்ன உரிமை?

நீ ஒப்புக்கொண்டால், சந்நிதித் தெரு நாதஸ்வரக்காரரிடம் நானே பேசுகிறேன். ஒரு மாலைப் பொழுது வாசித்துத் தரச் சொல்லி, உரிய பணத்தைக் கொடுத்து, வீடியோவில் பயன்படுத்த அனுமதித்ததாக எழுதிக் கையெழுத்தும் வாங்கிவிடலாம். அதுவரை இரண்டாம் பகுதியை வெளியிடாதே. பேச்சு, இசை, சுற்றுப்புற ஒலி மூன்றையும் தனித்தனி டிராக்குகளாக எனக்கு அனுப்பு. ஆச்சி பேசும் பகுதியை முதலில் சரிசெய்து தருகிறேன்.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்