அந்தக் கிளப்பில் சேரலாமா என்று கேட்டாயே

அன்புள்ள பாப்பா,

அம்மாவும் நானும் நலம். உன்னோடு வேலை பார்ப்பவர் அவுட்ரிகர் கனூ (பக்கத்தில் மிதவை கட்டிய ஓடம்) கிளப்பில் உன்னைச் சேர்க்கப் பரிந்துரைக்கிறேன் என்கிறார், சேரலாமா அப்பா என்று போன வாரம் கேட்டாய். நான் உடனே பதில் சொல்லவில்லை. நாங்கள் ஹவாய்த் தீவுகளில் உன் ஊரான ஹொனலூலு வந்திருந்தபோது கைமானா கடற்கரை மணலில் உட்கார்ந்து தூரத்தில் அந்தக் கட்டடத்தைக் காட்டி, "அதுக்குள்ள நாம போக முடியாதுப்பா" என்றாய். அப்போது உன் முகம் இருந்த விதம் எனக்கு மறக்கவில்லை. அதனால் அந்த இடத்தின் கதையைத் தேடிப் படித்துவிட்டு எழுதுகிறேன்.

1907-ல் அலெக்சாண்டர் ஹ்யூம் ஃபோர்டு என்ற பத்திரிகையாளர் அங்கே வந்து இறங்கினார். தென் கரோலினாக்காரர். நாற்பதை நெருங்கும் வயதில் அலைச்சறுக்கு கற்றுக்கொண்டு அதிலேயே மூழ்கிப்போனார். ஹொனலூலுவின் வைகிகிக் கடற்கரையில் ஓட்டல்களும் பெரிய வீடுகளும் நெருங்கிவந்த காலம் அது. பலகையையும் ஓடத்தையும் வைக்கக்கூட இடமில்லாமல் போய்விடும் என்று அவர் பயந்தார். எம்மா ராணியின் சொத்தைப் பார்த்துக்கொண்டவர்களிடம் பேசி, மோவானா ஓட்டலுக்குப் பக்கத்தில் ஒரு துண்டு நிலத்தை 20 வருஷக் குத்தகைக்கு வாங்கினார். வருஷத்துக்கு 10 டாலர். 1908 மே 1-ல் கிளப் பிறந்தது. மூடிப்போன ஒரு மிருகக்காட்சிசாலையிலிருந்து இரண்டு புல் குடிசைகளை வாங்கிவந்து நிறுத்தினார்கள். கிளப்பின் கட்டடம் அவ்வளவுதான்!

இந்த எம்மா ராணியிடம் நான் கொஞ்சம் நின்றுவிட்டேன். ஹவாய் மன்னர் நான்காம் காமேஹாமேஹாவின் மனைவி. வெளியிலிருந்து வந்த நோய்களில் தன் ஜனங்கள் கொத்துக்கொத்தாகச் செத்ததைப் பார்த்து, கணவரோடு சேர்ந்து 1859-ல் ஓர் ஆஸ்பத்திரி தொடங்கினார். 1885-ல் இறந்தபோது சொத்தில் பெரும்பகுதியை அதற்கே எழுதிவைத்துவிட்டுப் போனார். 1893-ல் வெள்ளைக்கார வியாபாரிகள் முன்னின்று, அப்போது ஹவாயை ஆண்ட லிலியுகலானி அரசியைப் பதவியிலிருந்து இறக்கினார்கள். 1898-ல் அமெரிக்கா தீவுகளையே எடுத்துக்கொண்டது. அதற்குப் பத்து வருஷம் கழித்து, ஹவாய் ராணியின் நிலத்தில், ஹவாய் மக்களின் விளையாட்டுக்காக ஒரு கிளப். சேர்ந்தவர்கள் ஏறக்குறைய எல்லோரும் வெள்ளையர்கள்.

அழிந்துகொண்டிருந்த அலைச்சறுக்கை ஃபோர்டு காப்பாற்றினார் என்று பலர் எழுதியிருக்கிறார்கள். எனக்கு அது ஒப்பவில்லை. அவருக்கு முன்பும் அந்த ஊர்ப் பையன்கள் அலையில் நின்றுகொண்டுதான் இருந்தார்கள். அவர் காப்பாற்றியது கரையில் ஓர் இடத்தை. அதுவும் பெரிய காரியம்தான், மறுக்கவில்லை.

அந்தப் பையன்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? மோவானா ஓட்டல் பக்கம் ஒரு மரத்தடியில் கூடினவர்கள், 1911-ல் முறைப்படி தங்கள் சங்கத்தை அமைத்துக்கொண்டார்கள். ஹூயி நாலு, அதாவது அலைச் சங்கம். டியூக் கஹானமோக்கு அதில் ஒருவர். அந்த வருஷமே ஹொனலூலு துறைமுகத்துத் தண்ணீரில் நீந்தி உலக சாதனையை முறியடித்தார். அமெரிக்க விளையாட்டு அமைப்பு அதை ஏற்கவில்லை. மறு வருஷம் ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கில் 100 மீட்டர் தங்கம் வாங்கினார். அவுட்ரிகரில் அவர் சேர்ந்தது 1917-ல். உலகமே கொண்டாடிய பிறகு. இதைப் படித்தபோது எனக்கு மனசு கனத்தது. ஆனால் அவர் சேர்ந்தார், பாப்பா. அதையும் நினைத்துப் பார்.

அப்புறம் வைகிகி நிலத்தின் விலை ஏறியது. 1964-ல் கிளப் பழைய இடத்தை விட்டு இப்போது நீ பார்க்கும் டைமண்ட் ஹெட் மலைப் பக்கம் போனது. கட்டடக் கலைஞர் விளாடிமிர் ஒசிபாஃப் வடிவமைத்தார். பழைய இடத்தில் 1967-ல் எழுந்த ஓட்டலுக்கும் அவுட்ரிகர் என்றே பெயர். போனமுறை நாம் அதன் வழியாக நடந்தோம். அப்போது எனக்கு ஒன்றும் தெரியாது.

எனக்குப் பிடித்தது ஓடக் கதைதான். ஆறு பேர் துடுப்புப் போடும் ஓடம், பக்கத்தில் மிதவை. அதை எடுத்துக்கொண்டு மோலோகாய் தீவிலிருந்து ஹொனலூலு இருக்கும் ஓவாஹு தீவுக்குக் கடல் தாண்டும் பந்தயம் 1952-ல் தொடங்கியது. முதல் தடவை மூன்றே ஓடங்கள். சுமார் 40 மைல், நடுவில் கொந்தளிக்கும் கால்வாய். பெண்களுக்கென்று அதே பந்தயம் வர 1979 ஆகிவிட்டது. இருபத்தேழு வருஷம்!

சரி, உன் கேள்விக்கு வருகிறேன். சாப்பாட்டு மேசைக்காகவும் கடலைப் பார்த்த நாற்காலிக்காகவும் என்றால் சேர வேண்டாம். ஹவாயில் அலை நனைக்கும் மணல் எல்லாருக்கும் சொந்தம் என்பது சட்டம். நாம் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து தெரிந்த அதே கடல்தான் உள்ளேயும். துடுப்புக்காக என்றால் தாராளமாகப் போ. ஆனால் ஹூயி நாலு இன்றும் இருக்கிறது. முதலில் அங்கே ஒரு நாள் போய், புதிதாகக் கற்க வருகிறவர்களை எப்படி எடுத்துக்கொள்கிறார்கள் என்று கேட்டுப் பார். பிறகு முடிவு செய்.

எங்கே சேர்ந்தாலும் உன் வலது தோளை முதலில் டாக்டரிடம் காட்டிவிடு. ஓடத்தில் எந்த இருக்கை கொடுத்தார்கள் என்று எனக்கு எழுது.

அன்புடன்,
அப்பா