கரும்புப் பணத்துக்கு ஒரு தேதி வேண்டும்: கடலூர் மாவட்ட ஆட்சியருக்குத் திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆட்சியர் அவர்களுக்கும், மாதந்தோறும் விவசாயிகள் குறைதீர் கூட்டத்தில் அவரோடு அமரும் வேளாண்மை, கூட்டுறவு, சர்க்கரைத் துறை அலுவலர்களுக்கும், சர்க்கரை ஆலைகளின் கரும்புப் பிரிவு அதிகாரிகளுக்கும் வணக்கம்.

குறைதீர் கூட்டத்தில் கரும்பு என்று யாராவது வாயைத் திறந்தால் இரண்டு விஷயம்தான் வரும். ஒன்று விலை, இன்னொன்று நிலுவை. விலையைப் பற்றி நான் இங்கே எழுதப்போவதில்லை. சங்கங்கள் அதைப் பேசுகின்றன, நன்றாகவே பேசுகின்றன. நான் எழுதுவது தேதியைப் பற்றி. வெட்டி அனுப்பிய கரும்புக்குப் பணம் என்றைக்கு வரும் என்று தெரியாத நிலைமை ஒரு மனிதரின் தலைக்குள் என்ன செய்கிறது என்பதைக் கொஞ்சம் பேச வேண்டும். கையில் காசில்லாத காலம் யோசனையை எப்படிக் கெடுக்கிறது என்று அளந்தே பார்த்திருக்கிறார்கள். அதுவும் வேறெங்கோ இல்லை, விழுப்புரத்திலும் திருவண்ணாமலையிலும். விழுப்புரம் 1993 வரை நம்மோடு ஒன்றாகத் தென் ஆற்காடு மாவட்டத்தில் இருந்த ஊர். அங்கே விளைவதும் நம் கரும்புதான்.

ஆனந்தி மணி, செந்தில் முல்லைநாதன், எல்டார் ஷாஃபிர், ஜியாயிங் ஜாவ் ஆகிய நான்கு பேர் சேர்ந்து செய்த ஆய்வு அது. 2013 ஆகஸ்டில் ‘சயின்ஸ்’ இதழில் வந்தது. 54 கிராமங்களில் 464 சிறு விவசாயிகளிடம் போயிருக்கிறார்கள். எல்லோருக்கும் கரும்புதான் பிரதான வருமானம். ஒரே ஆளை அறுவடைக்கு முன் ஒரு தடவை, அறுவடைக்குப் பின் ஒரு தடவை உட்காரவைத்து இரண்டு சோதனை கொடுத்தார்கள். ஒன்று, படங்களின் வரிசையில் விடுபட்டது எது என்று கண்டுபிடிப்பது. படிப்பறிவு தேவையில்லாத சோதனை. இன்னொன்று, 5 5 5 என்று எழுதிக் காட்டி, எத்தனை எண்கள் இருக்கின்றன என்று கேட்பது. வாய் ‘ஐந்து’ என்று சொல்ல வரும், சரியான விடை மூன்று. நாக்கை அடக்கிச் சரியாகச் சொல்ல எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்த்தார்கள்.

படச் சோதனையில் அறுவடைக்கு முன் சராசரியாக 4.35 விடை சரி, பின் 5.45. எண் சோதனையை முடிக்க முன்பு 146 விநாடி, பின்பு 131. அதே ஆள், அதே மூளை. நடுவில் மாறியது கைச்செலவின் நிலைமை. அந்த நிலைமையையும் கணக்கெடுத்திருக்கிறார்கள்: அறுவடைக்கு முன் நூற்றுக்கு 78 பேர் ஏதாவது ஒரு பொருளை அடகு வைத்திருந்தார்கள், அறுவடைக்குப் பின் 4 பேர். கடன் இருந்தவர்கள் முன்பு 99, பின்பு 13. பண்ருட்டி, நெல்லிக்குப்பம், விருத்தாசலம் பக்கத்து அடகுக் கடைக்காரர்களைக் கேட்டிருந்தால் ஆய்வே இல்லாமல் இதைச் சொல்லியிருப்பார்கள் என்று நீங்கள் நினைக்கலாம். சொல்லியிருப்பார்கள்தான். ஆனால் அடகுக்குப் போனது வளையல் மட்டும் இல்லை என்பதை அவர்களால் சொல்லியிருக்க முடியாது.

இந்த ஆய்வை நடத்தியவர்களுக்கு ஆலைகளே அறியாமல் ஒரு உதவி செய்திருக்கின்றன. கரும்பு நெல் மாதிரி ஊரே ஒரே வாரத்தில் அறுக்கும் பயிர் இல்லை. ஆலையின் அரவைத் திறனுக்கு ஏற்ப வெட்டு உத்தரவு வருகிறது. அடுத்தடுத்த வயல்காரர்களில் ஒருவருக்கு ஜனவரியில் வரும், இன்னொருவருக்கு மார்ச்சில் வரும். அதனால் ஒரே மாதத்தில் வெட்டியவரையும் வெட்டாதவரையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடிந்தது. வெயில், பண்டிகை, கல்யாண மாதம் என்று வேறு காரணம் சொல்லித் தப்பிக்க வழியில்லை. சாப்பாட்டுக் குறைவா, உடல் களைப்பா, மன அழுத்தமா என்றும் சோதித்தார்கள். அவற்றால் மட்டும் இந்த வித்தியாசத்தை விளக்க முடியவில்லை.

சரி, இதற்கு மறுப்பும் உண்டு. அமெரிக்காவில் குறைந்த வருமானக்காரர்களைச் சம்பள நாளுக்கு முன்னும் பின்னும் சோதித்த கார்வால்யோ, மையர், வாங் ஆகியோர் 2016-இல் வெளியிட்ட ஆய்வில் யோசிக்கும் திறனில் வித்தியாசம் எதுவும் தெரியவில்லை. ஆய்வு உலகில் இந்த விவாதம் முடிந்துவிட்டதாக நான் சொல்லமாட்டேன். ஆனால் அந்த அமெரிக்கருக்குச் சம்பளம் எந்தத் தேதியில் வரும் என்பது தெரியும். எங்கள் ஆளுக்கு வெட்டு உத்தரவும் எப்போது என்று தெரியாது, வெட்டிய பிறகு பணமும் எப்போது என்று தெரியாது. இரண்டு ஆய்வும் வேறு வேறு விடை தருவதில் எனக்கு ஆச்சரியம் இல்லை. பற்றாக்குறையைவிட, அது எப்போது தீரும் என்று தெரியாமல் இருப்பதுதான் மனிதரைத் தின்கிறது என்று நான் நினைக்கிறேன். கரும்பு ஆலைக்குப் போய்விட்டது, பணம் வரவில்லை என்ற நாட்களையும் நான் அறுவடைக்கு முந்தைய நாட்களோடுதான் சேர்ப்பேன். இது என் வாதம், அந்த நால்வரின் முடிவு இல்லை.

ஒடிசாவில் நடந்த இன்னொரு பரிசோதனை இதற்குப் பக்கத்தில் வருகிறது. சுப்ரீத் கவுர், முல்லைநாதன், சுவானா ஓ, ஃபிராங்க் ஷில்பாக் ஆகியோர் இலைத்தட்டு தைக்கும் கூலித் தொழிலாளர்களை எடுத்துக்கொண்டார்கள். தட்டுக் கணக்கில் கூலி. ஒரு பகுதியினருக்கு, சேர வேண்டிய கூலியில் ஒரு பங்கை முன்கூட்டியே கொடுத்தார்கள். மொத்தத் தொகையில் ஒரு பைசா கூட்டவில்லை, நாளை மட்டும் முன்னால் தள்ளினார்கள். பணம் கைக்கு வந்த பிறகு அவர்கள் தைத்த தட்டுகளின் எண்ணிக்கை கூடியது, தையலில் பிழை குறைந்தது. அதிகம் கஷ்டப்பட்டவர்களிடம்தான் மாற்றம் அதிகம். அரசுக்குச் செலவே வைக்காத ஒரு சீர்திருத்தம் இருக்க முடியுமானால் அது இப்படித்தான் இருக்கும்.

பணத்துக்கும் மகிழ்ச்சிக்கும் என்ன உறவு என்று வேறொரு பெரிய சண்டையும் உண்டு. 2010-இல் டேனியல் கானமனும் ஆங்கஸ் டீட்டனும், வருடத்துக்கு 75,000 டாலரைத் தாண்டினால் அன்றாட மகிழ்ச்சி அதற்கு மேல் ஏறுவதில்லை என்றார்கள். 2021-இல் மாத்யூ கில்லிங்ஸ்வொர்த் ஏறுகிறது என்றார். பிறகு எதிர்த்தரப்பு இரண்டும் ஒன்றாக உட்கார்ந்து, 2023-இல் சேர்ந்தே ஒரு கட்டுரை எழுதின: பெரும்பாலோருக்கு ஏறிக்கொண்டேதான் போகிறது, மகிழ்ச்சி மிகக் குறைவாக உள்ளவர்களுக்கு மட்டும் ஓர் இடத்தில் நின்றுவிடுகிறது. சண்டை போட்டவர்கள் சேர்ந்து எழுதியது எனக்குப் பிடித்திருந்தது, ஆலை, விவசாயி, அரசு மூவரும் அமரும் முத்தரப்புக் கூட்டங்களில் அந்தப் பழக்கம் வந்தால் நன்றாக இருக்கும். மற்றபடி அந்த விவாதம், சம்பளம் சொன்ன நாளில் வந்துவிடுகிறவர்களின் விவாதம்.

இப்போது நியாயத்துக்கு வருகிறேன். கரும்பு விவசாயி பேராசைக்காரர், ஆலை நஷ்டத்தில் ஓடினாலும் அவருக்குக் கவலையில்லை என்ற பேச்சு ஆலைத் தரப்பில் அடிக்கடி கேட்கிறது. மனிதர்கள் எதை அநியாயம் என்கிறார்கள் என்று கானமன், ஜாக் நெட்ச், ரிச்சர்ட் தேலர் மூவரும் கனடாவில் தொலைபேசி வழியாகப் பலரைக் கேட்டு 1986-இல் எழுதினார்கள். பனி அள்ளும் மண்வெட்டியை 15 டாலருக்கு விற்ற கடைக்காரர், பெரும் பனிப்புயல் அடித்த மறுநாள் காலை 20 டாலர் ஆக்குகிறார். நூற்றுக்கு 82 பேர் அது அநியாயம் என்றார்கள். ‘தானே’ புயலுக்குப் பிறகு மெழுகுவர்த்தியும் தண்ணீரும் என்ன விலை விற்றன என்று நினைவிருக்கும் கடலூர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஆனால் அந்த ஆய்வின் மறுபாதியைப் பலர் சொல்வதில்லை. கடைக்காரருக்கே கொள்முதல் விலை ஏறி, அதனால் அவர் விலையை ஏற்றினால், அதே மக்கள் பரவாயில்லை என்றுதான் சொன்னார்கள். அடுத்தவர் நெருக்கடியில் லாபம் பார்ப்பதைத்தான் பொறுக்கமாட்டார்கள். தன் நஷ்டத்தைச் சமாளிப்பவரைப் பொறுத்துக்கொள்வார்கள்.

எங்கள் ஊரிலும் அப்படித்தான். சர்க்கரையின் குறைந்தபட்ச விற்பனை விலை 2019 பிப்ரவரியில் கிலோ 31 ரூபாய் என்று வைக்கப்பட்டு, பல ஆண்டுகள் அங்கேயே நின்றது. அதே காலத்தில் மத்திய அரசு அறிவிக்கும் கரும்பு விலை குவிண்டாலுக்கு 275-லிருந்து 2025-26 பருவத்துக்கு 355 வரை வந்திருக்கிறது. சர்க்கரை கட்டுமானம், அதாவது பிழிந்தால் தேறும் சர்க்கரை அளவு, குறைவான நம் பக்கத்துக் கரும்புக்கு அந்த முழு விலை கிடைப்பதில்லை என்பது வேறு கதை. ஆலைக்கும் நெருக்கடி இருக்கிறது, ஒத்துக்கொள்கிறோம். அதைக் கணக்கோடு முன்னால் வைத்து, இந்தத் தேதிக்கு இவ்வளவு, அந்தத் தேதிக்கு மீதி என்று சொன்னால் கேட்டுக்கொள்ளும் ஆட்கள்தான் நாங்கள். ஆலையின் கோட்ட அலுவலகத்துக்குப் போனால் ‘அடுத்த வாரம் பாருங்க’ என்று சொல்லி அனுப்புவதுதான் ஆத்திரத்தைக் கிளப்புகிறது.

ஆத்திரம் என்ன செய்யும்? 1982-இல் ஜெர்மனியில் வெர்னர் குத்தும் இரண்டு சகாக்களும் ஓர் எளிய விளையாட்டை வைத்தார்கள். ஒருவர் கையில் ஒரு தொகை. அதைத் தனக்கும் எதிராளிக்கும் அவர் பங்கு பிரிக்க வேண்டும். எதிராளி ஒப்புக்கொண்டால் இருவருக்கும் பங்கு. வேண்டாம் என்றால் இருவருக்கும் ஒன்றுமில்லை. கணக்குப்படி பார்த்தால் ஒரு ரூபாய் கொடுத்தாலும் எதிராளி வாங்கிக்கொள்ள வேண்டும். பின்னால் பல நாடுகளில் திரும்பத் திரும்ப நடத்திப் பார்த்தபோது, நூற்றில் இருபதுக்கும் கீழே நீட்டினால் பெரும்பாலும் சரிபாதிப் பேர் ‘எனக்கும் வேண்டாம், உனக்கும் வேண்டாம்’ என்று தட்டிவிட்டார்கள். நம் மாவட்டத்தில் கரும்பை அழித்துவிட்டுச் சவுக்கு நட்டவர்களை நான் இப்படித்தான் பார்க்கிறேன். சவுக்கு வெட்டுக்கு வர மூன்று, நான்கு வருடம் ஆகும். ஆனால் லாரி கிளம்பும்போது காசு கைக்கு வந்துவிடும். கரும்புப் பரப்பு குறைந்ததற்கு வறட்சியும் ஆள் பற்றாக்குறையும் பெரிய காரணங்கள், மறுக்கவில்லை. ஆலைக்குக் கரும்பு பதிவு செய்ய ஆள் தேடி அலையும்போது இந்தக் காரணத்தையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சட்டம் இதையெல்லாம் யோசிக்காமல் விடவில்லை. 1966-ஆம் ஆண்டின் கரும்புக் கட்டுப்பாட்டு ஆணை, கரும்பு வந்து சேர்ந்த 14 நாட்களுக்குள் பணம் தர வேண்டும் என்கிறது. தவறினால் ஆண்டுக்கு 15 சதவீத வட்டி. அந்த வட்டியைக் கேட்காமலே வாங்கிய விவசாயியை நான் இன்னும் சந்திக்கவில்லை. கேட்டு வாங்க வேண்டுமானால் மனு எழுத வேண்டும், அலைய வேண்டும், நாள் கணக்கு போட வேண்டும். மேலே சொன்ன ஆய்வு சரியென்றால், பணம் வராமல் தலை நிறைந்திருக்கும் மாதத்தில்தான் அந்த வேலையையும் அவர் தலையில் ஏற்றுகிறோம்.

விவசாயியின் கெடு மட்டும் தள்ளிப்போவதே இல்லை. வெட்டுக்கூலியை மேஸ்திரியிடம் ரொக்கமாக எண்ணி வைத்தாக வேண்டும், வெட்டு ஆட்கள் விவசாயியைவிட ஏழைகள், அவர்களைக் காக்க வைப்பது பாவம். கூட்டுறவுச் சங்கப் பயிர்க்கடனைக் குறித்த நாளுக்குள் கட்டினால் நம் மாநிலத்தில் வட்டி இல்லை. நாள் தாண்டினால் அந்தச் சலுகை போயிற்று. ஆலையிலிருந்து பணம் வரவில்லை என்பது சங்கத்தின் பேரேட்டில் எந்தப் பத்தியிலும் ஏறாது. தாமதத்துக்கு ஆலை தர வேண்டிய வட்டி காகிதத்தில் நிற்கிறது, விவசாயி தர வேண்டிய வட்டி ரசீதாகக் கையில் வருகிறது.

ஆகவே கேட்பது இதுதான். கரும்பு வண்டி எடைமேடை ஏறும்போது தரும் எடைச்சீட்டிலேயே, பணம் வந்து சேர வேண்டிய பதினான்காம் நாளின் தேதியை அச்சடிக்கச் சொல்லுங்கள். இப்போது கணினிச் சீட்டுதான் தருகிறார்கள், இரண்டு வாரம் கூட்டத் தெரியாத கணினி கிடையாது. பதினைந்தாம் நாளிலிருந்து வட்டியை, யாரும் மனு போடாமலே, கணக்கில் தனி வரியாகக் காட்டச் சொல்லுங்கள். கொடுப்பது ஒரு மாதம் தள்ளிப்போனாலும் காட்டுவது தள்ளிப்போகக் கூடாது. குறைதீர் கூட்டத்தில் நிலுவை இத்தனை கோடி என்று வாசிக்கிறார்கள். அதோடு, முப்பது நாளுக்கு மேல் காத்திருப்பவர் எத்தனை பேர், அறுபது நாளுக்கு மேல் எத்தனை பேர் என்றும் வாசிக்கட்டும். கோடியைக் கேட்டால் ஆலையின் சிரமம் தெரிகிறது, ஆளை எண்ணினால்தான் எங்கள் சிரமம் தெரியும். கூட்டுறவு இணைப்பதிவாளர், ஆலை பாக்கி வைத்திருப்பவரின் கடன் கெடுவை அந்தப் பாக்கி தீரும் நாளோடு கட்ட அரசுக்குப் பரிந்துரைத்தால், மற்ற மாவட்டங்களும் பின்னால் வரும்.

இன்னொன்று, இது உங்கள் கையிலேயே இருக்கிறது. பயிர்க் காப்பீடு, சொட்டுநீர் மானியம், அடுத்த பருவப் பதிவு என்று கையெழுத்து வாங்கும் முகாம்களைக் கையில் காசில்லாத மாதங்களில் வைக்காதீர்கள். கென்யாவில் எஸ்தர் டுஃப்லோ, மைக்கேல் கிரெமர், ஜொனாதன் ராபின்சன் மூவரும் உரம் வாங்குவதை அறுவடை முடிந்த கையோடு வீட்டுக்கே கொண்டுபோய்க் கேட்டார்கள். விலையில் தள்ளுபடி இல்லை, கொண்டுவந்து தரும் கூலி மட்டும் இலவசம். உரம் போட்டவர்கள் கூடினார்கள். எங்கள் ஊரில் முகாமுக்கு ஆள் வரவில்லை என்று துறை அறிக்கை எழுதுவதற்கு முன், முகாம் எந்த வாரத்தில் நடந்தது, அந்த வாரத்தில் அந்தக் கோட்டத்துக்கு ஆலைப் பணம் வந்திருந்ததா என்று பாருங்கள்.

அரவைப் பருவம் தொடங்குமுன் நடக்கும் முத்தரப்புக் கூட்டத்தில் இந்த எடைச்சீட்டு விஷயத்தை முதல் பொருளாக எடுத்துக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன். சீட்டை மாற்றி அச்சடிக்கச் செலவாகும் என்று ஆலைத் தரப்பு சொன்னால், தேதிக்கு ஒரு ரப்பர் முத்திரை போதும். சீட்டின் பின்பக்கம் இப்போது காலியாகத்தான் இருக்கிறது.

இப்படிக்கு,
கரும்பு விவசாயி ஒருவர்,
பண்ருட்டி வட்டம், கடலூர் மாவட்டம்