வசந்திக்கு, ஒரு துண்டு டேப்பைப் பற்றி

ஹூஸ்டன்
ஞாயிறு இரவு

அன்புள்ள வசந்தி,

உன் கடிதங்கள் இரண்டும் ஐந்து மாதமாக என் மேசையில் கிடக்கின்றன. பதில் எழுதாதது தப்புதான், மன்னித்துக்கொள். அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் சந்தோஷம். ரவியும் ஆதிரையும் நலம். நீ தலைமையாசிரியை ஆகப்போகிறாய் என்று கீதா சொன்னாள். பெல் அடித்த பிறகும் புளியமரத்தடியை விட்டு நகராதவள் இனி பெல் அடிக்கச் சொல்லப் போகிறாய்! அன்று உன்னைக் காப்பாற்ற நான் சொன்ன பொய்களுக்கெல்லாம் ஒரு நாள் வட்டியோடு கணக்குக் கேட்பேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். போனில் சொல்ல வாய் வரவில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

ஆதிரை இப்போது எட்டாம் வகுப்பு. பாலியல் கல்வி வகுப்புக்குப் பெற்றோர் சம்மதம் கேட்டுப் பள்ளியிலிருந்து ஒரு தாள் வந்தது. நமக்குக் கிடைக்காதது இவளுக்காவது கிடைக்கட்டும் என்று உடனே கையெழுத்துப் போட்டேன். பாடம் நடத்தியது பள்ளி ஆசிரியர் அல்ல. வெளியிலிருந்து ஒரு அமைப்பின் ஆள் வந்திருக்கிறார். செலோ டேப்பை ஒரு துண்டு கிழித்து முதல் பையன் கையில் ஒட்டி உரித்தாராம். அதையே அடுத்தவள் கையில், அப்புறம் இன்னொருவன் கையில். நாலாவது கைக்கு வரும்போது டேப்பில் முடியும் அழுக்கும் சேர்ந்து ஒட்டவே இல்லை. "கல்யாணத்துக்கு முன்னால் பலரோடு பழகினால் நீங்களும் இப்படித்தான், கடைசியில் யாரோடும் ஒட்ட மாட்டீர்கள்" என்றாராம்.

சாப்பிடும்போது ஆதிரை இதைச் சொன்னாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். தட்டைக் கழுவ எழுந்தவள், சிங்க் பக்கம் நின்றபடியே கேட்டாள்: "அம்மா, ஒருத்தர் கட்டாயப்படுத்தித் தொட்டாலும் டேப் அழுக்குதானா?"

எனக்குக் கை நடுங்கிவிட்டது. உனக்கு ஏதாவது நடந்ததா என்று கேட்டேன். எனக்கில்லை, சும்மா யோசித்தேன் என்றாள். அன்று இரவு முழுவதும் எனக்குத் தூக்கமில்லை.

வசந்தி, இந்த ஊரில் எலிசபெத் ஸ்மார்ட் என்ற பெண்ணைத் தெரியாதவர்கள் குறைவு. 2002இல் சால்ட் லேக் சிட்டியில் அவள் படுக்கையறையிலிருந்தே கடத்திப் போனார்கள். அப்போது வயது 14. ஒன்பது மாதம் கழித்துத்தான் மீட்டார்கள். அதற்குள் அவள் பட்டதை நான் எழுத வேண்டாம். 2013இல் ஒரு மேடையில் அவளே சொன்னாள். சின்ன வயதில் ஒரு ஆசிரியர், கல்யாணத்துக்கு முன் உறவு கொள்வதை மென்ற சூயிங்கத்தோடு ஒப்பிட்டாராம். தன்னைச் சீரழித்த பிறகு அந்தச் சூயிங்கம்தான் அவள் நினைவுக்கு வந்ததாம். நான் இனி எதற்கும் பயனில்லை, வீட்டுக்குப் போய் என்ன ஆகப்போகிறது என்று தோன்றியதாம். கடத்தப்பட்டவர்கள் ஏன் ஓடவில்லை என்று கேட்பவர்களுக்கு அவள் சொன்ன பதில் இது. அவளுக்கு அன்று சூயிங்கம், என் மகளுக்கு இன்று டேப்.

அந்த அமைப்புக்குப் பணம் எங்கிருந்து வருகிறது என்று தேடினேன். மத்திய அரசு மானியம்! நாங்கள் கட்டும் வரி. 1996இல் கிளின்டன் கையெழுத்திட்ட ஒரு சட்டம் இருக்கிறது. ஏழைக் குடும்பங்களுக்கான உதவித்தொகையை மாற்றியமைத்த சட்டம் அது. அதற்குள்ளே, கல்யாணம் வரை விலகியிருக்கக் கற்பிப்பதற்கென்று ஆண்டுக்கு 5 கோடி டாலர் ஒதுக்கினார்கள். அப்போது மத்திய அரசு 4 டாலர் கொடுத்தால் மாநிலம் 3 டாலர் போட வேண்டியிருந்தது. என்ன கற்பிக்க வேண்டும் என்று எட்டு விதிகளும் இருந்தன. திருமணத்துக்கு வெளியே உறவு கொண்டால் மனதுக்கும் உடலுக்கும் கேடு விளையக்கூடும் என்று கற்பிக்க வேண்டும், அதில் இது ஒரு விதி. அந்தப் பணத்தில் நடந்த வகுப்பில் கருத்தடை முறைகளைப் பரிந்துரைக்கக் கூடாது என்றிருந்தது. கலிபோர்னியா இந்தப் பணமே வேண்டாம் என்றது. எங்கள் டெக்சாஸ் அதிகமாக வாங்கிய மாநிலங்களில் ஒன்று.

2004இல் ஹென்றி வாக்ஸ்மன் என்ற எம்.பி. தன் குழுவை வைத்து, மானியம் வாங்கியவர்கள் அதிகம் பயன்படுத்திய 13 பாடத்திட்டங்களைப் படிக்க வைத்தார். 11இல் தவறான தகவல்கள். வியர்வையும் கண்ணீரும்கூட எச்.ஐ.வி. பரவும் வழிகள் என்று ஒன்றில் இருந்ததாம். அழுகிற பிள்ளையின் கண்ணைத் துடைக்கவும் பயப்பட வேண்டும் என்றால் எப்படி? 2007இல் அரசே பணம் கொடுத்துச் செய்த ஆய்வும் வந்தது. நான்கு இடங்களில் 2,000 பிள்ளைகளுக்கு மேல் சில ஆண்டுகள் தொடர்ந்து பார்த்தார்கள். வகுப்பில் உட்கார்ந்தவர்களுக்கும் உட்காராதவர்களுக்கும் வித்தியாசமே இல்லை. முதல் உறவின் சராசரி வயது இரு பக்கமும் 14.9. இதற்குப் பிறகும் மானியம் நின்றதா? 2009இல் காலாவதியானது, அடுத்த ஆண்டே ஒபாமாவின் மருத்துவக் காப்பீட்டுச் சட்டத்தோடு சேர்ந்து திரும்பி வந்துவிட்டது. 2018இல் 'பாலியல் அபாயத் தவிர்ப்புக் கல்வி' என்று பெயரை மாற்றி, ஆண்டுக்கு 7.5 கோடி டாலர் கொடுத்தார்கள்.

"பொறுத்திரு என்று சொல்வதில் என்னடி தப்பு?" என்று நீ கேட்பாய். ரவியும் அதைத்தான் கேட்டார். தப்பே இல்லை. நானும் ஆதிரையிடம் அதைத்தான் சொல்கிறேன். இங்கே ஒரு நகரத்தில் ஆறாம், ஏழாம் வகுப்புக் கறுப்பினப் பிள்ளைகள் 662 பேரை வைத்து நடந்த ஒரு ஆய்வு 2010இல் வெளியானது. தள்ளிப்போடுங்கள் என்று மட்டும் சொன்ன வகுப்பு அதில் பலன் தந்தது. இரண்டு ஆண்டு கழித்து அந்தப் பிள்ளைகளில் மூன்றில் ஒரு பங்கினர்தான் உறவு கொண்டிருந்தார்கள். ஒப்பிட்டுப் பார்க்க வைத்த வேறொரு வகுப்பில் இருந்தவர்களில் அது கிட்டத்தட்டப் பாதி. ஆனால் அங்கே யாரும் அவர்களை அழுக்கு என்று சொல்லவில்லை. கல்யாணம் வரை என்று சொல்லவில்லை, நீ தயாராகும் வரை என்றார்கள். ஆணுறையைக் குறை சொல்லவும் இல்லை. அந்த எட்டு விதிகளை வைத்துப் பார்த்தால் அந்த வகுப்புக்குக் காசு கிடைத்திருக்காது. எனக்குக் கோபம் இதில்தான் வருகிறது.

பள்ளிக்கு ஒரு கடிதம் எழுதினேன். பார்க்கிறோம் என்று பதில் வந்தது. வரும் செவ்வாய் பெற்றோர் கூட்டம், நேரில் போய்ப் பேசப் போகிறேன். டேப்பையும் எடுத்துப்போவேன்.

நம் அறிவியல் டீச்சர் இனப்பெருக்கப் பாடத்தை "வீட்டில் படித்துக்கொள்ளுங்கள்" என்று தாண்டிப் போனார்களே, ஞாபகம் இருக்கிறதா? நமக்கு யாரும் டேப்பைக் காட்டவில்லை, எதையுமே காட்டவில்லை. ஆனால் தேன்மொழியைப் பற்றி நாம் பேசிக்கொண்டதற்கு டேப்பா வேண்டும்? அரையாண்டு விடுமுறைக்குப் பிறகு அவள் வராமல் போனபோது நான் சொன்ன ஒரு வார்த்தை இன்னும் என் காதில் கேட்கிறது. நீயும் சிரித்தாய். யார் செய்தது, எப்படி நடந்தது என்று நாம் இருவருமே கேட்கவில்லை. பதினைந்து வயதில் நமக்குத் தெரிந்தது அவ்வளவுதான் என்று இத்தனை நாள் என்னைச் சமாதானப்படுத்திக்கொண்டிருந்தேன். ஆதிரைக்கு வயது பதின்மூன்று. அவளுக்கு அந்தக் கேள்வி கேட்கத் தெரிந்திருக்கிறது.

அவளுக்கு நான் சொன்ன பதில் இதுதான்: "இல்லை கண்ணு. ஒட்டுவது, ஒட்டாதது எல்லாம் டேப்புக்கு. நீ டேப் இல்லை. அப்படி ஏதாவது நடந்தால் தப்பு செய்தவன் அவன், நீ முதலில் என்னிடம் வா." தலையை ஆட்டிவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டாள்.

தேன்மொழியின் அண்ணன் உங்கள் பஸ் ஸ்டாண்டு பக்கம் டயர் கடை வைத்திருக்கிறார் என்று கீதா சொன்னாள். நீ ஒரு நாள் அங்கே போய் அவள் எங்கே இருக்கிறாள் என்று கேட்டு, நம்பர் வாங்கி அனுப்பு. கொடுக்கத் தயங்கினால் என் நம்பரைக் கொடுத்துவிட்டு வா. ரிசல்ட் வேலையெல்லாம் முடியட்டும் என்று தள்ளிப்போடாதே.

அன்புடன்,
கலா