விளக்கை யார் கையில் விடுவது?

அல்சூர், பெங்களூர்
ஞாயிறு இரவு

அன்புள்ள மச்சான்,

உன் கடிதம் புதன்கிழமையே வந்துவிட்டது. அன்றைக்கே பதில் எழுத உட்கார்ந்தேன். ஒயிட்ஃபீல்டிலிருந்து போன் வந்தது, எழுந்து போனவன் இப்போதுதான் திரும்ப உட்காருகிறேன். அம்மாவுக்கு இரண்டாவது கண்ணிலும் புரை எடுத்தாயிற்று. நன்றாக இருக்கிறார். கட்டுப் பிரித்து வீட்டுக்கு வந்ததும் நேரே அடுப்படிக்குப் போய் மேடையைத் தடவிப் பார்த்தார். "இவ்வளவு கறையோடயா இத்தனை நாள் சமைச்சுப் போட்டேன்" என்று அழுதுவிட்டார். அந்தப் பழைய டியூப்லைட்டை நான் எப்போதோ மாற்றியிருக்க வேண்டும். ஊர் ஆபீசுக்கெல்லாம் வெளிச்சத்தை அளக்கும் லக்ஸ் மீட்டர் பிடிக்கிறவன், சொந்த அடுப்படியில் பிடித்துப் பார்க்கவில்லை. அந்த வருத்தம் இன்னும் போகவில்லை.

சரி, உன் விஷயத்துக்கு வருகிறேன். நீ அனுப்பிய மூன்று பக்கத்தையும் இரண்டு தடவை படித்தேன். உன் காலேஜின் நாலு மாடி நூலகத்துக்கு விளக்கு கன்ட்ரோல் பட்டியல், ஒவ்வொரு அறைக்கும் நேரே 'மோடு' என்று ஒரு கட்டம், எல்லாக் கட்டத்திலும் 'ஆட்டோ', அதாவது ஆள் வந்தால் தானாக எரிந்து, போனால் தானாக அணைவது. "எல்லாத்தையும் ஆட்டோவுல போட்ருங்க சார், தொல்லையே இல்ல" என்று சப்ளை செய்கிறவர் சொன்னதாக எழுதியிருக்கிறாய். கையெழுத்துப் போட்டுவிடாதே மச்சான்.

ஏன் என்று சொல்கிறேன். போன வருஷம் வெளிவட்டச் சாலையில் ஒரு அலுவலகத்தில் விளக்கு கன்ட்ரோல் வேலை எடுத்திருந்தோம், பெயர் வேண்டாம். பெண்கள் கழிவறையில் சீலிங் நடுவில் ஒரே ஒரு பிஐஆர் சென்சார். ஆள் வந்தால் தானாக எரியும், 5 நிமிடம் அசைவில்லை என்றால் அணையும். டிராயிங்கில் பார்த்து நான்தான் சரி என்றேன். இரவு ஷிப்டில் துப்புரவு வேலை பார்க்கும் ஒரு அம்மா, திருவண்ணாமலைப் பக்கத்துக்காரர், முழங்கால் வலி உள்ளவர். அவர் தடுப்புக்குள் கதவைச் சாத்தியிருந்தபோது விளக்கு அணைந்துவிட்டது. உள்ளேயிருந்து கையை ஆட்டியிருக்கிறார். இருட்டில் தாழ்ப்பாளைத் தேடி எழுந்தவர் ஈரத்தரையில் வழுக்கி, மணிக்கட்டு பிசகிவிட்டது. யாரிடமும் புகார் சொல்லவில்லை. வேலை போய்விடுமோ என்ற பயம். இரண்டு வாரம் கழித்து செக்யூரிட்டி ஒருவர் பேச்சுவாக்கில் சொல்லித்தான் எனக்கே தெரியும்.

அன்று இரவே போனேன். வாசலில் பலகை வைத்து, வெளியே ஆளை நிறுத்திவிட்டு, அதே தடுப்புக்குள் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தேன். சரியாக 5 நிமிடத்தில் அணைந்தது. பக்கத்தில் குழாய் சொட்டுகிற சத்தம் மட்டும். நீட்டிய என் கையே எனக்குத் தெரியவில்லை. பிஐஆர் சென்சார் பார்ப்பது உடம்புச் சூடு ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு நகர்வதை. நடுவில் ஒரு பலகை நின்றால், கண்ணாடியே நின்றாலும், அதற்கு அந்தப் பக்கம் ஆள் இருப்பது தெரியாது. இது எனக்குப் பதினைந்து வருஷமாகத் தெரிந்த பாடம். தெரிந்தும் அந்த அறையில் போய் ஒரு தடவை உட்காராமல் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

மறுநாள் தடுப்புகளுக்கு நேர் மேலே இன்னும் இரண்டு சென்சார் போட்டோம். நேரத்தை 15 நிமிடமாக்கினோம். மத்திய அரசின் 2017 கட்டட எரிசக்தி விதியும் ஆள் போன 15 நிமிடத்துக்குள் அணைந்தால் போதும் என்றுதான் சொல்கிறது. 5 நிமிடம் எங்கள் அவசரம். அப்புறம் முக்கியமான ஒன்று: நேரம் முடிந்ததும் ஒரேயடியாக அணையாமல் 20 சதவீதத்துக்கு இறங்கி நிற்கும்படி வைத்தோம். கட்டடம் பூட்டும்வரை அந்த 20 எரிந்துகொண்டே இருக்கும். எல்இடி காலத்தில் அதற்கு ஆகும் கரண்ட் பெரிய கணக்கே இல்லை.

அன்றிலிருந்து எனக்கு ஒரே வழக்கம். எந்த அறைக்கும் மோடு எழுதும் முன், அந்த அறையில் தனியாக மாட்டிக்கொள்ளக்கூடியவர் யார் என்று கேட்டுக்கொள்கிறேன். மேனேஜரை நினைத்து எழுதாமல் அவரை நினைத்து எழுதுகிறேன்.

இப்போது உன் நூலகம். வாசிப்பு மண்டபத்துக்கு ஆட்டோ போடவே கூடாது. படிக்கிற பிள்ளை அசையாது மச்சான். பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை பக்கம் புரட்டும், அவ்வளவுதான். 20 அடி உயர சீலிங்கில் இருக்கும் சென்சாருக்கு அந்தப் புரட்டல் எட்டாது. தலைக்கு மேல் விளக்கு அணைந்து அணைந்து எரிந்தால் யார் அங்கே உட்கார்ந்து தேர்வுக்குப் படிப்பார்கள்? திறக்கும் நேரம், மூடும் நேரம் இரண்டையும் டைமரில் வை. நடுவில் எல்லாம் நூலகர் மேசையில் இருக்கும் சுவிட்ச் சொன்னபடி நடக்கட்டும். நூலகம் மூடின பிறகு மட்டும் சென்சாரை வேலைக்கு விடு.

புத்தக அடுக்குகளுக்கு நடுவே இருக்கும் சந்துகளுக்கு ஆட்டோதான் சரி. சந்துக்கு ஒரு சென்சார், ஆள் நுழைந்தால் முழு வெளிச்சம், போன பிறகு 10 சதவீதம். முழுக்க அணைத்துவிட்டால் வரிசையே குகை மாதிரி ஆகிவிடும், மாலை நேரத்தில் பெண் பிள்ளைகள் உள்ளே போகவே யோசிப்பார்கள். அலுவலர் அறைகளுக்குக் கையால் போட்டு, தானாக அணையும் மோடு வை. பகலில் ஒருவர் கோப்பு எடுக்க உள்ளே வந்து உடனே திரும்புவார், ஜன்னல் வெளிச்சமே அவருக்குப் போதும். ஆட்டோ என்றால் அதற்கும் விளக்கு எரிந்து 15 நிமிடம் நிற்கும். கையில் விட்டால் தேவைப்படும்போது மட்டும் போடுவார், மறந்துபோனால் சென்சார் அணைத்துக்கொள்ளும். மின்சாரம் மிச்சமாவது பெரும்பாலும் இந்த மோடில்தான். கூட்ட அறைக்கும் இதுவே. புரொஜெக்டரில் படம் ஓடும்போது யாரோ எழுந்து நடந்ததற்காக விளக்கு பளிச்சென்று எரிவது பேசுகிறவருக்கு எவ்வளவு கஷ்டம் என்று நீயே பார்த்திருப்பாய்.

அடுத்தது யாருமே கட்டம் போட்டுக் கேட்காத கேள்வி. நெட்வொர்க் செத்தால் விளக்கு என்ன செய்யும்? உன் கட்டடத்தில் போடுவது டாலி, அதாவது கம்பி வழியே விளக்குகளுக்குக் கட்டளை அனுப்பும் முறை, என்று எழுதியிருக்கிறாய். ஒரு லூப்பில், அதாவது ஒரே கன்ட்ரோல் கம்பியில், 64 டிரைவர் (விளக்குக்குக் கரண்ட் கொடுக்கும் பெட்டி), 16 குரூப், 16 சீன் (முன்பே பதித்து வைக்கும் வெளிச்ச அமைப்பு) வரை போகும். கேபிள் 300 மீட்டரைத் தாண்டக்கூடாது. ஒவ்வொரு டிரைவருக்குள்ளும் இரண்டு எண் பதிந்து கிடக்கும். ஒன்று, லூப்பில் வோல்டேஜ் போய்விட்டால் எந்த அளவில் எரிய வேண்டும் என்பது. இன்னொன்று, மெயின் கரண்ட் போய்த் திரும்பும்போது எந்த அளவில் தொடங்க வேண்டும் என்பது. கம்பெனியிலிருந்து வரும்போது இரண்டுமே 254, அதாவது முழு வெளிச்சம். மாடிப்படிக்கும் நடைபாதைக்கும் அந்த முதல் எண்ணை அப்படியே விடு, தொடாதே. லூப் போனால் அங்கே வெளிச்சம் இருந்தே ஆக வேண்டும். இரண்டாவது எண்ணை மட்டும் யோசித்து வை. இங்கே ஒரு கட்டடத்தில் நள்ளிரவு கரண்ட் போய் ஜெனரேட்டருக்கு மாறியதும் ஆளில்லாத ஏழு மாடியும் ஒரே நேரத்தில் முழுசாக எரிந்தது. அங்கே 255 என்று பதித்தோம். அது போட்டால் கரண்ட் போகும் முன் இருந்த அளவுக்கே திரும்பும். எமர்ஜென்சி விளக்குகளை இந்தச் சென்சார், டைமர் பேச்சுக்குள்ளேயே கொண்டுவராதே, அது தனி.

எண் என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது, இதைக் குறித்து வைத்துக்கொள். எங்கள் பையன் ஒருவன், நல்ல வேலைக்காரன், மாடிப்படிக்கு ஆளில்லாத நேரத்தில் பாதி வெளிச்சம் வேண்டும் என்று சொன்னதும் 254இல் பாதி 127 என்று பதித்துவிட்டான். டாலியில் அந்த எண் வரிசை நம் கண் பார்க்கும் விதத்துக்கு ஏற்ப வளைந்து போகிறது. 127 என்றால் 3 சதவீதம்தான். 50 சதவீதம் வேண்டுமானால் 229 போட வேண்டும். நான் போய்ப் பார்த்தபோது படியின் விளிம்பே தெரியவில்லை, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டுதான் இறங்கினேன். அவன் திட்டு வாங்க வேண்டியவன் இல்லை. எந்தப் பயிற்சியிலும் யாரும் அவனுக்கு இதைச் சொல்லித்தரவில்லை.

ஒரே கட்டளையை லூப்பில் எல்லா விளக்குக்கும் அனுப்பும் பிராட்காஸ்ட் மோடு போதுமா, ஒவ்வொரு விளக்குக்கும் அட்ரஸ், அதாவது தனி எண், கொடுக்க வேண்டுமா என்றும் கேட்டிருக்கிறாய். நடைபாதை மாதிரி எல்லா விளக்கும் ஒன்றாக எரிந்து ஒன்றாக இறங்க வேண்டிய லூப்புக்கு பிராட்காஸ்ட் போதும், அதுவே நல்லது. டிரைவர் கெட்டால் உன் காலேஜ் எலக்ட்ரீஷியனே புதிதை மாட்டிவிடலாம், லேப்டாப் தேவையில்லை. அட்ரஸ் கொடுத்த லூப்பில் அப்படி நடக்காது. புதிய டிரைவருக்கு அட்ரஸும் இருக்காது, அது எந்தக் குரூப்பிலும் இருக்காது. குரூப்புக்குப் போகும் கட்டளை அதன் காதில் விழாது, ராத்திரி பகலாக முழுசாக எரிந்துகொண்டே இருக்கும். "புது லைட்டே ரிப்பேர் சார்" என்று புகார் வரும். வாசிப்பு மண்டபத்துக்கு அட்ரஸ் கொடுத்துத்தான் ஆக வேண்டும், ஜன்னல் வரிசையும் உள் வரிசையும் தனித்தனியாக இறங்க வேண்டுமே. அதனால் யார் திரும்ப அட்ரஸ் கொடுப்பார்கள், அதற்கான ஃபைலும் பாஸ்வேர்டும் யாரிடம் இருக்கும் என்பதைப் பணம் கொடுக்கும் முன்பே எழுதி வாங்கு. இதை வாங்காமல் விட்டவர்கள் எத்தனை பேர் எனக்குப் போன் செய்கிறார்கள் தெரியுமா.

ஜன்னல் பக்கத்தில் வெயிலுக்கு ஏற்ப விளக்கை இறக்கும் பகல்வெளிச்ச மோடில் மேசையைப் பார்க்கிற சென்சார்தானே போடுகிறார்கள்? அப்படியானால் மேசை நாற்காலி எல்லாம் வந்த பிறகு அளவு பிடிக்கச் சொல். கோரமங்கலாவில் ஒரு இடத்தில் கரும்பழுப்பு மேசை இருந்தபோது அளவு பிடித்தோம். ஆறு மாதத்தில் வெள்ளை மேசை போட்டுவிட்டார்கள். வெள்ளை அதிகமாகத் திருப்பியடித்த வெளிச்சத்தை வெயில் என்று எடுத்துக்கொண்டு சென்சார் விளக்குகளை இறக்கிவிட்டது. 500 லக்ஸ் இருக்க வேண்டிய மேசையில் 300 தான் இருந்தது. கண் வலிக்கிறது என்று சொன்ன பெண்ணிடம் டாக்டரைப் பாருங்கள் என்று சொல்லியிருக்கிறார்கள், பாவம். இங்கே ஆடி ஆவணியில் மேகம் நிமிடத்துக்கு நிமிடம் வந்து போகும், விளக்கும் கூடவே ஏறி இறங்கி மண்டையிடி கொடுக்கும். அதனால் மாற்றம் மெதுவாக நடக்கும்படி வைக்கிறோம். உங்கள் ஊரிலும் தென்மேற்குப் பருவத்தில் அதே மேகம்தானே, நீயும் அப்படியே செய்.

இதெல்லாம் எழுதும்போது நம் ஊர் ஞாபகமாகவே இருக்கிறது. சிவனசமுத்திரம் நீர்மின் நிலையத்திலிருந்து 1902இலேயே நம் கோலார் தங்கவயலுக்குக் கரண்ட் வந்துவிட்டது, பெங்களூர்த் தெருவுக்கு விளக்கு 1905இல்தான். பள்ளிக்கூடத்தில் இதைச் சொல்லி எவ்வளவு பெருமைப்பட்டோம். ஆனால் அந்தக் கரண்ட் சுரங்கத்துக்காக வந்தது, நம் தொழிலாளர் லயன் வீடுகளுக்காக இல்லை. அப்பா சுரங்கத்தில் ஷிப்ட் முடிந்து வந்து திண்ணையில் உட்கார்ந்து சொல்வாரே, ஞாபகம் இருக்கிறதா: "கீழ விளக்கு அணைஞ்சா ஒரு அடி நகராத. நின்ன எடத்துலயே நில்லு. யாராச்சும் வெளிச்சத்தோட வருவாங்க." அந்தத் தடுப்புக்குள் இருட்டில் உட்கார்ந்திருந்தபோது அப்பா குரல்தான் கேட்டது. அந்த அம்மாவுக்கு யாரும் வெளிச்சத்தோடு வரவில்லை மச்சான்.

மணிக்கட்டு குணமாகிவிட்டது அவருக்கு. இப்போது பகல் ஷிப்ட். போனால் "வாங்க தம்பி" என்று டீ வாங்கித் தருகிறார், எனக்குத்தான் வாங்கிக் குடிக்கக் கூச்சமாக இருக்கிறது.

பெரியவள் இரண்டாம் ஆண்டு போய்விட்டாள். சின்னவன் கன்னடத்தில் வகுப்பிலேயே முதல். அடுத்த மாதம் மாரிக்குப்பம் ரயிலில் ஊருக்குப் போகலாம் என்று இருக்கிறேன், சாம்பியன் ரீஃப் வீட்டுக் கூரை இந்த மழைக்குத் தாங்காது என்று சித்தப்பா சொல்கிறார். நீயும் அந்த வாரமே வந்தால் சேர்ந்து போகலாம். அதற்கு முன் மாடிப்படியையும் கழிவறைகளையும் படம் எடுத்து அனுப்பு, சென்சார் மாடல் நம்பரும் வேண்டும். அந்த மூன்று பக்கத்தில் நானே பென்சிலால் எழுதித் திருப்பி அனுப்புகிறேன்.

தங்கச்சியைக் கேட்டதாகச் சொல்.

உன்
மச்சான்