பாலையாவை வெட்டாதீர்கள்

பழைய தமிழ்ப் படங்களை ஒளிபரப்பும் தொலைக்காட்சிக்காரர்களுக்கும், அவற்றை யூடியூபில் ஏற்றும் உரிமையாளர்களுக்கும் வணக்கம்.

திரையில் இடைவெளி தெரியக்கூடாது என்று பழைய படங்களைப் பெரிதாக்கி ஓட்டுகிறீர்களே, அதைப் பற்றித்தான் எழுதுகிறேன். மேலே தலை போகும், கீழே கால் போகும். இது உங்களுக்குத் தெரியாத விஷயம் இல்லை. பலர் சொல்லியிருப்பார்கள். போன மாதம் எங்கள் வீட்டில் நடந்த பிறகு என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

என் அப்பாவுக்கு எண்பத்திமூன்று வயது. நூற்பாலையில் முப்பது வருடம் வேலை பார்த்தவர். காது அநேகமாகக் கேட்காது. காது மெஷின் வாங்கிக் கொடுத்தோம், "இரைச்சல்தான்லே பெருசா கேக்கு" என்று கழற்றி வைத்துவிட்டார். அவருக்கு மிச்சம் இருக்கிற பொழுதுபோக்கு பழைய படம்தான். வசனம் தேவையில்லை, முகத்தைப் பார்த்தே படத்தைப் பின்தொடர்ந்துவிடுவார். அதிலும் நடிகர் டி.எஸ். பாலையா என்றால் உயிர். நெல்லைச் சீமையில் பிறந்தவர் என்ற பாசமும் உண்டு.

'காதலிக்க நேரமில்லை' படத்தில் நாகேஷ் கதை சொல்லும் காட்சியை உங்களுக்கு விவரிக்க வேண்டியதில்லை. மகன் பேய்க்கதை சொல்கிறான், அப்பா கேட்கிறார், அவ்வளவுதான். ஆனால் அந்தக் காட்சி யாருடையது? பேசுவது நாகேஷ், பயப்படுவது பாலையா. நாகேஷ் எழுப்பும் ஒவ்வொரு சத்தமும் பாலையாவின் கண்ணிலும் உதட்டிலும் கழுத்திலும் வந்து விழுந்த பிறகுதான் நமக்குச் சிரிப்பு வருகிறது. காது கேட்காத ஒருவர் அந்தக் காட்சியை முழுதாக ரசிக்க முடியும் என்றால், அதற்குக் காரணம் அந்த முகம்.

சரி, போன மாதம் என்ன ஆயிற்று? அந்தக் காட்சியை ஃபோனுக்காக நீளவாக்கில் வெட்டி ஒரு நிறுவனம் ஏற்றியிருந்தது. அப்பா கையில் கொடுத்தேன். நாகேஷ் கையை ஆட்டுகிறார், கண்ணை உருட்டுகிறார். எதிரே உட்கார்ந்திருப்பவரின் தோள்பட்டை ஓரத்தில் வந்து வந்து போகிறது. அப்பா கொஞ்ச நேரம் பார்த்தார். ஃபோனைச் சாய்த்துப் பார்த்தார். அப்புறம் என்னிடம் கேட்டார்: "ஏலே, பாலையாவை எங்கலே?"

நான் என்ன பதில் சொல்வது? காதும் கேட்காமல், முகமும் தெரியாமல் அவர் எதைப் பார்ப்பார்?

கணக்கு உங்களுக்கே தெரியும். அந்தக் காலப் படச்சட்டத்தின் அகலமும் உயரமும் ஏறக்குறைய நாலுக்கு மூன்று. அதை இன்றைய பதினாறுக்கு ஒன்பது டிவியில் நிரப்பினால் படத்தில் நாலில் ஒரு பங்கு வெளியே போகிறது. ஃபோனுக்காக நிமிர்த்தி வெட்டினால் பாதிக்கும் மேல் போய்விடும். தமிழின் முதல் சினிமாஸ்கோப், அதாவது அகலத்திரைப் படமான 'ராஜராஜ சோழன்' வந்தது 1973ல். பாலையா காலமானது 1972ல். ஆக, அவர் நடித்த தமிழ்ப் படம் ஒன்றுகூட அகலத்திரைக்காக எடுக்கப்பட்டதில்லை. உங்கள் அகலமான டிவியை நிரப்ப எப்போது பெரிதாக்கினாலும் அவர் படத்தில் ஏதோ ஒன்று வெட்டுப்பட்டே தீரும்.

கதாநாயகனுக்கு இதனால் பெரிய நஷ்டம் இல்லை. அவர் சட்டத்தின் நடுவில் நிற்பவர். ஓரத்தில் நிற்பவர்தானே குணச்சித்திர நடிகர். 1936ல் 'சதிலீலாவதி'யில் எம்.ஜி.ஆரும் என்.எஸ். கிருஷ்ணனும் அறிமுகமானபோது கூடவே அறிமுகமானவர் பாலையா. அடுத்த வருடமே 'அம்பிகாபதி'யில் கதாநாயகன் தியாகராஜ பாகவதருக்கு வில்லன். அப்புறம் 'பாகப்பிரிவினை'யின் அண்ணன், 'பாமா விஜயம்' படத்தின் அப்பா என்று முப்பத்தைந்து வருடத்துக்கும் மேல் பக்கத்தில் நின்று, எதிரில் உட்கார்ந்து, கேட்டுக்கொண்டு, பார்த்துக்கொண்டு நடித்தவர். 'திருவிளையாடல்' ஹேமநாத பாகவதரை எடுத்துக்கொள்ளுங்கள். பாடியது பாலமுரளிகிருஷ்ணா. ஆனால் அந்தப் பாட்டின் கர்வம் முழுவதும் பாலையாவின் நிமிர்ந்த தலையிலும் பக்கவாட்டுப் பார்வையிலும் இருக்கிறது. என் அப்பா அந்தப் பாட்டைக் கேட்டு இருபது வருடம் ஆகியிருக்கும், இன்றும் பார்க்கிறார். பாலையா தவில்காரராக வரும் 'தில்லானா மோகனாம்பாள்' படத்திலும் அப்படித்தான், தவில் சத்தம் கேட்காவிட்டாலும் அந்தக் கைகளையும் முகத்தையும் பார்த்துத் தொடையில் தாளம் போடுவார். நீங்கள் கீழே வெட்டினால் தவில் போகும், மேலே வெட்டினால் தலை போகும். எதை விடச் சொல்கிறீர்கள்?

ஆகவே கேட்கிறேன்: முழுச் சட்டத்தையும் காட்டுங்கள். இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை இருந்தால் இருக்கட்டும்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். டைட்டிலை ஏன் வெட்டுகிறீர்கள்? கதாநாயகன் பெயர் சுவரொட்டியில் இருக்கும், ஊரே சொல்லும். எஸ்.வி. சுப்பையா, நாகையா போன்றவர்களின் பெயரைப் பேரப்பிள்ளைகள் படிப்பதற்கு இருக்கிற ஒரே இடம் அந்த டைட்டில்தான். அதை எடுத்துவிட்டு, படம் ஓடும்போது முகத்தின் மேலேயே விளம்பரப் பட்டையை ஓட்டுகிறீர்கள். இந்தப் படங்களுக்கான உரிமையைப் பணம் கொடுத்து வாங்கியிருக்கிறீர்கள், மறுக்கவில்லை. நடித்தவர்களின் முகத்தை அழிக்கவும் சேர்த்தா வாங்கினீர்கள்?

கோபத்தில் எழுதிவிட்டேன், மன்னியுங்கள். இந்தப் படங்களை நீங்கள் ஓட்டாவிட்டால் என் அப்பாவுக்குப் பகல் போகாது, அந்த நன்றி எனக்கு உண்டு. அதனால்தான் உங்களிடமே கேட்கிறேன். முழுச் சட்டத்தையும் காட்டுங்கள். எல்லாப் படத்துக்கும் உடனே முடியாது என்றால் 'காதலிக்க நேரமில்லை'யிலிருந்து தொடங்குங்கள். அந்தக் கதை சொல்லும் காட்சியில் அப்பா, மகன் இரண்டு பேரும் தெரியும்படி ஒரு தடவை ஒளிபரப்புங்கள். தேதியையும் நேரத்தையும் முன்கூட்டியே சொன்னால், அப்பாவை நாற்காலியில் உட்காரவைத்து, கண்ணாடியைத் துடைத்துக் கொடுத்துவிடுவேன்.

இப்படிக்கு,
பாளையங்கோட்டையிலிருந்து ஒரு மகன்