பொய்த்தது எந்தக் கணிப்பு?

ஆசிரியருக்கு,

ஆல்ப்ஸ் மலையில் பனி கொட்டும் படத்தைப் போட்டு, குளிர்காலப் பனி குறித்த காலநிலைக் கணிப்புகள் அத்தனையும் பொய்த்துவிட்டதாகத் தங்கள் நாளிதழில் வந்த கட்டுரை பாதி சரி. அந்தப் பாதியை முதலில் ஒப்புக்கொண்டுவிடலாம்.

2000 மார்ச்சில் பிரிட்டனின் 'இண்டிபெண்டன்ட்' நாளிதழில் கிழக்கு ஆங்லியா பல்கலைக்கழகக் காலநிலை ஆய்வாளர் டேவிட் வைனர் பேசியிருந்தார். இன்னும் சில ஆண்டுகளில் அந்நாட்டில் பனிப்பொழிவு அபூர்வமாகிவிடும், பிள்ளைகளுக்குப் பனி என்றால் என்னவென்றே தெரியாமல் போகும் என்பது அவர் பேச்சின் சாரம். பத்தே ஆண்டுகளில், 2010 ஜனவரியில், ஏறக்குறைய பிரிட்டன் முழுவதும் பனி மூடிக் கிடந்தது. அதே ஆண்டின் டிசம்பர், 1910-க்குப் பிறகு அந்நாடு கண்டதிலேயே மிகக் குளிர்ந்த டிசம்பர். காற்றோட்டம் மாறுவதால் ஒரு குளிர்காலத்துக்கும் அடுத்ததற்கும் இடையே வரும் ஏற்ற இறக்கம், பத்தாண்டில் சேரும் வெப்பத்தைவிடப் பெரிது. அதைக் கணக்கில் எடுக்காமல் கெடு வைத்துப் பேசினால் மாட்டிக்கொள்ளத்தான் வேண்டும்.

ஆனால் செய்தியாளரிடம் ஒருவர் சொன்னது வேறு, மலையின் உயரத்தையும் வெப்பநிலையையும் வைத்துப் போட்ட கணக்கு வேறு. ஓஇசிடி எனப்படும் பொருளாதார ஒத்துழைப்பு வளர்ச்சி அமைப்பு 2007-இல் வெளியிட்ட ஆய்வு, ஆல்ப்ஸின் 666 பனிச்சறுக்கு மையங்களை எடுத்துக்கொண்டது. ஒரு பருவத்தில் 100 நாளாவது 30 செ.மீ. பனி தங்கினால்தான் அந்த மையத்தின் இயற்கைப் பனியை நம்பலாம் என்பது அளவுகோல். அன்று 609 தேறின. வெப்பம் 1 டிகிரி கூடினால் 500, 2 டிகிரி கூடினால் 404, 4 டிகிரி கூடினால் 202 என்று கணக்கிட்டார்கள். இந்தக் கணக்கு ஆண்டை வைத்துப் போட்டதல்ல. டிகிரியை வைத்துப் போட்டது. மையங்கள் மூடப்படும் என்றும் சொல்லவில்லை. இயற்கைப் பனி போதாது என்றுதான் சொன்னது. "இன்னும் எல்லா இடத்திலும் சறுக்குகிறார்களே" என்று கட்டுரையாளர் கேட்பது இந்தக் கணக்குக்குப் பதிலாகாது.

கணக்கின் அடிப்படை எளியது. 1 டிகிரி கூடினால் பனிக்கோடு, அதாவது பனி தங்கும் கீழ் எல்லை, சுமார் 150 மீட்டர் மேலே ஏறும். குளிர்காலச் சராசரி மைனஸ் 10 டிகிரியாக உள்ள உச்சியில் அது மைனஸ் 9 ஆனால் பனிக்கு ஒன்றும் ஆகாது. சொல்லப்போனால், ஒவ்வொரு டிகிரிக்கும் காற்று சுமார் 7 சதவீதம் கூடுதல் ஈரம் தாங்கும் என்பதால், ஒரே புயலில் முன்பைவிட அதிகமாகவே கொட்டக்கூடும். சராசரி 0 டிகிரியை ஒட்டியுள்ள 1,000, 1,200 மீட்டர் ஊர்களில் அதே 1 டிகிரி, பனியை மழையாக்கிவிடும். அந்த மழை, முன்பே கிடக்கும் பனியையும் கரைத்துக்கொண்டு போகும். ஒரே மலையில் மேலே பனி குவிவதும் கீழே புல் தெரிவதும் முரண்பாடு அல்ல.

நடந்ததும் அதுதான். ஆல்ப்ஸ் பரவிய ஆறு நாடுகளில் 2,000-க்கும் மேற்பட்ட நிலையங்களில் 1971 முதல் 2019 வரை அளந்த பனியாழத்தைத் தொகுத்த ஆய்வு 2021-இல் வெளியானது. 2,000 மீட்டருக்குக் கீழே, தரை பனி மூடியிருக்கும் காலம் 22 முதல் 34 நாள் வரை சுருங்கியிருக்கிறது. அதற்கு மேலே நடுக்குளிர்காலத்தில் போக்கு அத்தனை சீராக இல்லை. சந்தேகிப்பவர்கள் உச்சியின் ஜனவரியைக் காட்டுகிறார்கள். சுருக்கம் தெரிவது அடிவாரத்திலும், பருவத்தின் இரு முனைகளிலும். வட அரைக்கோளத்திலும் கதை இதுதான். வசந்தகாலப் பனிப்பரப்பு குறைவது ஐயத்துக்கு இடமின்றித் தெரிகிறது. அக்டோபர், நவம்பரில் கூடுவதாகக் காட்டும் செயற்கைக்கோள் வரைபடம் ஒன்று உண்டு. பிற தரவுகள் அதோடு ஒத்துப்போகவில்லை.

அப்படியானால் கீழேயுள்ள மையங்கள் எப்படி ஓடுகின்றன? எந்திரத்தால். இத்தாலியின் சறுக்குப் பாதைகளில் சுமார் 90 சதவீதமும், ஆஸ்திரியாவில் சுமார் 70 சதவீதமும், சுவிட்சர்லாந்தில் ஏறக்குறைய பாதியும் செயற்கைப் பனி வசதி கொண்டவை. உயர் அழுத்தத் தண்ணீரையும் கம்ப்ரசர் காற்றையும் நாசில் வழியே நுண்துளிகளாகப் பீய்ச்சினால், தரையில் விழுமுன் அவை உறைய வேண்டும். அந்தச் சில நொடிகளில் ஒவ்வொரு கிராம் தண்ணீரும் சுமார் 80 கலோரி வெப்பத்தை விட்டாக வேண்டும். துளியின் ஒரு பகுதி ஆவியாவதும் அதற்கு உதவுகிறது என்பதால், வெறும் காற்று வெப்பநிலையைப் பார்த்து எந்திரத்தை முடுக்குவதில்லை. ஈரத்துணி சுற்றிய வெப்பமானி காட்டும் ஈரக்குமிழ் வெப்பநிலையைப் பார்ப்பார்கள். அது மைனஸ் 2 டிகிரிக்குக் கீழே போக வேண்டும். காற்று 0 டிகிரியில் இருந்தும் ஈரப்பதம் 50 சதவீதம் என்றால், ஈரக்குமிழ் அளவு மைனஸ் 3-ஐ ஒட்டி வரும், பனி செய்யலாம். மைனஸ் 1 டிகிரியில் ஈரப்பதம் 95 சதவீதம் என்றால் செய்ய முடியாது. துளி உறையாமல் விழுந்து பாதை சொதசொதவென்றாகிவிடும். நவம்பரில் இன்னொரு சிக்கல்: கோடை வெப்பம் நீங்காத நீர்த்தேக்கத் தண்ணீரை முதலில் குளிர்விக்க வேண்டியிருக்கும்.

ஒரு ஹெக்டேரில் 30 செ.மீ. போட 3,000 கன மீட்டர் பனி வேண்டும். கன மீட்டருக்கு 400 கிலோ எடை என்று வைத்தாலும் 12 லட்சம் லிட்டர் தண்ணீர். நம் ஊர் 12,000 லிட்டர் லாரியில் நூறு நடை. காற்றில் அடித்துப் போவதும் ஆவியாவதும் தனி. குளிர் வாய்க்கும் நேரம் குறுகிவிட்டதால், மூன்று நாள் குளிர் கிடைத்தாலும் அடித்தளப் பனியை முடித்துவிடும் அளவுக்குப் பெரிய மையங்கள் எந்திரங்களையும் பம்புகளையும் கூட்டிவைக்கின்றன. சிறிய மையங்களுக்கு அவ்வளவு முதல் கிடையாது. ஐரோப்பாவின் 2,234 மையங்களை ஆராய்ந்து 2023-இல் வந்த ஆய்வின்படி, உலக வெப்பம் 2 டிகிரி கூடினால் 53 சதவீத மையங்களுக்குப் பனிப் பற்றாக்குறை ஆபத்து மிக அதிகம். பாதிப் பாதைகளில் செயற்கைப் பனி போட்டால் அது 27 சதவீதமாகக் குறையும். 4 டிகிரி கூடினால் எந்திரத்தோடும் 71 சதவீதம். எந்திரம் அவகாசம் வாங்கித் தருகிறது, அவ்வளவுதான்.

மறுதரப்பும் சளைத்ததல்ல. 2022 பெய்ஜிங் குளிர்கால ஒலிம்பிக் முழுக்கச் செயற்கைப் பனியில் நடந்ததை வெப்பமயமாதலுக்குச் சான்றாகக் காட்டியவர்கள் ஏராளம். அது தவறு. அந்த மலைகள் குளிர்காலத்தில் கடுங்குளிரானவை, ஆனால் வறண்டவை. பனி குறைவாகப் பெய்வது அங்கே இயல்பு. 2025 பிப்ரவரியில் பனி இல்லாமல் காஷ்மீரின் குல்மார்க்கில் நடக்கவிருந்த கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டுகள் தள்ளிவைக்கப்பட்டு மார்ச்சில் நடந்தன. ஒரு பருவத்தை வைத்து எதையும் நிறுவ முடியாது என்பது அதற்கும் பொருந்தும், 2010-இன் பிரிட்டனுக்கும் பொருந்தும்.

தங்களுக்கு ஒரு வேண்டுகோள். பனிச்சறுக்கு மையங்கள் தினமும் இரண்டு ஆழங்களை வெளியிடுகின்றன: மேல் நிலையத்தில் எவ்வளவு, கீழ் நிலையத்தில் எவ்வளவு என்று. தாங்கள் வெளியிட்ட கட்டுரையில் மேல் நிலைய அளவு மட்டுமே இருந்தது. கீழ் நிலைய அளவையும், அந்த இடத்தின் உயரத்தையும், அதில் எந்திரப் பனி சேர்ந்திருக்கிறதா என்பதையும் சேர்த்து ஒரு திருத்தம் வெளியிடுங்கள்.

– வாசகர், கோயம்புத்தூர்