வீட்டுக்குள் வந்த வெல்டிங் வெளிச்சம்

ஆசிரியர் அவர்களுக்கு,

கடந்த ஞாயிறு உங்கள் மருத்துவப் பக்கத்தில் வெயிலில் திரிபவர்கள் ஏன் கறுப்புக் கண்ணாடி போட வேண்டும் என்று எழுதியிருந்தீர்கள். நல்ல கட்டுரை. ஆனால் நம்மீது படும் வெயிலில் இல்லாத ஒரு கதிர் இப்போது கிருமி கொல்லும் விளக்கு என்ற பெயரில் பெட்டியில் அடைத்து வீட்டு வாசலுக்கே வருகிறது. அதைப் பற்றி அதில் ஒரு வரியும் இல்லாததால் இதை எழுதுகிறேன்.

நான் களுவாஞ்சிக்குடிப் பக்கம் முப்பது வருடத்துக்கு மேலாக கேற், கிறில் செய்கிற வெல்டிங்காரன். வைத்தியனும் இல்லை, வாத்தியாரும் இல்லை. ஆனால் கண் வெந்துபோனால் எப்படி இருக்கும் என்று எனக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை.

மகள் வீட்டில் மூத்த பேரனுக்குக் காய்ச்சல், அது மாறச் சின்னவளுக்கு, பிறகு மகளுக்கு என்று மூன்று கிழமை ஓடியது. கிருமியைக் கொல்லும் விளக்கு என்று போனில் பார்த்து மருமகன் ஒன்றை எடுப்பித்தார். மேசை விளக்கு மாதிரி ஒரு சாமான். மேலே வெறுமையாக நிற்கும் வளைந்த குழாய், கையில் ரிமோட், 15, 30, 60 நிமிடம் என்று நேரம் வைக்கப் பொத்தான். பெட்டியில் சீனமும் ஆங்கிலமும் மட்டும். அந்த ஆங்கிலமும் எறும்பை விடச் சின்ன எழுத்து.

பொழுதுபட, பிள்ளைகள் படிக்கிற அறையில் அதை 60 நிமிடத்துக்குப் போட்டிருக்கிறார்கள். இரண்டு பேரும் அதே மேசையில் இருந்து வீட்டுப்பாடம் செய்திருக்கிறார்கள். சாகிறது கிருமிதானே, நமக்கென்ன என்பது மருமகனின் நினைப்பு. அவரை நான் ஏசவில்லை. கண் கூசவில்லை, சூடு இல்லை, மீன் தொட்டி வெளிச்சம் போல மெல்லிய நீலம். பார்க்க வடிவாக இருந்ததாம்.

இரவு பன்னிரண்டுக்குப் போன் வந்தது. "அப்பா, பிள்ளைகள் ரெண்டும் கண்ணத் திறக்குதுகள் இல்ல. மண் போட்டு அறுக்கிற மாதிரி இருக்காம்." போய்ப் பார்த்தேன். விளக்கு இருந்த பக்கத்துக் கன்னமும் முழங்கைக்குக் கீழும் சிவந்து கிடந்தன. சின்னவளின் கையில் சட்டை முடிகிற இடத்தில் கோடு கிழித்த மாதிரி சிவப்பு நின்றது. அந்த விளக்கு எரியும்போது மின்னல் அடித்த பிறகு வருகிற மாதிரி ஒரு மணம் வரும் என்று மகள் சொன்னாள். அதோடு எனக்கு விளங்கிவிட்டது. வெல்டிங் பிடிக்கிற இடத்தில் நான் தினமும் மணக்கிற ஓசோன் வாயுதான் அது.

கறுப்புக் கண்ணாடி போடாமல் ஒட்டினால் அந்த நேரம் ஒன்றும் தெரியாது. சோறு தின்று, படுத்து, ஆறு ஏழு மணித்தியாலம் போன பிறகுதான் கண்ணுக்குள் மண் கொட்டும். இதுவும் அதேதான். சுட்டால் கையை எடுப்போம். சுடாத நெருப்புக்கு என்ன செய்வது?

பக்கத்து வீட்டில் தாய்ப்பால் விடச் சொன்னார்கள். நானும் வாலிபத்தில் உருளைக்கிழங்குச் சீவல் வைத்துப் படுத்தவன்தான், ஆனால் பிள்ளைகள் விஷயத்தில் அந்த விளையாட்டு வேண்டாம் என்று விடிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். டொக்டர் செம்மஞ்சள் நிறச் சொட்டு ஒன்றை விட்டு நீல வெளிச்சத்தில் பார்த்தார். கருவிழியின் மேல்தோல் வெந்த இடமெல்லாம் புள்ளி புள்ளியாகப் பச்சையாகத் தெரியுமாம். சொட்டு மருந்தும் நோவுக் குளிசையும் தந்தார். இரண்டாம் நாள் பின்னேரம் பிள்ளைகள் கண் திறந்தார்கள். கை உரிந்து ஆறியது.

தொழில் செய்யும் தம்பிமாருக்கு இதில் ஒன்று சொல்ல வேண்டும். கண்ணை மரக்கச் செய்யும் சொட்டு ஒன்று இருக்கிறது. விட்டால் ஒரு நொடியில் நோவு போகும். டொக்டர் கண்ணைச் சோதிக்கும்போது ஒரு தடவை விடுவது வேறு. பாமசியில் கேட்டு வாங்கி நோகும்போதெல்லாம் வீட்டில் விடுகிறவர்கள் எங்கள் தொழிலில் இருக்கிறார்கள். அந்தச் சொட்டு புண் ஆறுவதையே தடுக்கும், தொடர்ந்து விட்டால் கருவிழியே பழுதாகும். எனக்கு இதைச் சொன்ன டொக்டர் ஏசித்தான் சொன்னார்.

பிறகு உயர்தரத்தில் பௌதிகவியல் படிக்கிற தம்பி மகனை இருத்தி விபரம் கேட்டேன். எங்கள் காலத்துப் புத்தகத்தில் கழியூதாக் கதிர் என்று இருந்தது, இப்போது புறஊதா என்கிறார்கள். சரி, பெயர் எதுவானாலும் அதில் ஏ, பி, சி என்று மூன்று வகை. வெயிலில் நம்மைக் கறுக்க வைப்பது ஏயும் பியும். சி என்பது அலைநீளம் 280 நானோமீற்றருக்குக் கீழே உள்ளது, அதை ஆகாயமே பிடித்துக்கொள்ளும், நிலத்துக்கு விடாது. கல்லடிக் கடற்கரையில் உச்சி வெயிலில் நின்றாலும் சி நம்மில் படாது. இந்த விளக்குத் தருவது 254 நானோமீற்றர், அதாவது அசல் சி. "எங்கட தோல் வெயிலுக்குப் பழகின தோல்" என்று மருமகன் சொன்னதற்கு அதுதான் பதில். கண்ணுக்கு அந்தப் பழக்கம்கூடக் கிடையாது.

அவன் சொன்ன இன்னொன்றுதான் எனக்குப் புதினம். நம் வீட்டு ரியூப் லைட்டுக்குள்ளும் இதே பாதரசம் இருக்கிறது, இதே கதிர்தான் பிறக்கிறது. உள்ளே பூசிய வெள்ளைத் தூள் அதை வெளிச்சமாக மாற்றுகிறது, சி வெளியே வராமல் கண்ணாடி மறிக்கிறது. கிருமி விளக்கில் தூளும் இல்லை, சாதாரணக் கண்ணாடியும் இல்லை. கதிர் வெளியே போக வேண்டுமென்றே குவார்ட்ஸ் என்ற வேறு வகைக் கண்ணாடியில் குழாய் செய்கிறார்கள். 30 வாட்ஸ் குழாய் ஒன்றுக்கு ஒரு மீற்றர் தூரத்தில் நின்றால், ஒரு நாளைக்கு இவ்வளவுதான் படலாம் என்று உலகத்தில் வைத்திருக்கிற அளவு ஏறக்குறைய ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும் என்று கணக்குப் போட்டுக் காட்டினான். எங்கள் பிள்ளைகள் இருந்தது 60 நிமிடம்.

இதைப் படித்துவிட்டு நீலமாக எரிவதெல்லாம் ஆபத்து என்று யாரும் ஓட வேண்டாம். கடையில் காசுத்தாள் பார்க்கிற விளக்கும் நுளம்பு பிடிக்கிற விளக்கும் ஏ வகை. உற்றுப் பார்த்துக்கொண்டு நிற்காவிட்டால் பெரிதாக ஒன்றும் செய்யாது. தண்ணீர் வடிகட்டும் இயந்திரத்தில் இருப்பது சிதான், ஆனால் இரும்புக் குழாய்க்குள் மூடிக் கிடக்கிறது. எரிகிறதா என்று கழற்றிப் பார்க்காத வரைக்கும் பயமில்லை. மலிவு விலைக் கைவிளக்குகள் பலவற்றில் இருப்பது வெறும் ஊதா எல்ஈடி. அது கிருமியையும் கொல்லாது, நம்மையும் சுடாது. போலி வாங்கினவன் தப்பினான், அசல் வாங்கினவன் ஆஸ்பத்திரிக்குப் போனான். இப்படியும் ஒரு வியாபாரம்.

கையையோ உடம்பையோ சுத்தப்படுத்த இந்த விளக்கைப் பாவிக்க வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2020இலேயே சொன்னது. ஆஸ்பத்திரிகளிலும் ஆட்களை வெளியேற்றி, கதவைப் பூட்டித்தான் போடுகிறார்கள். வீட்டில் வைத்தே ஆக வேண்டும் என்பவர்களும் ஆள், பூனை, நாய் ஒன்றும் இல்லாத அறையில் போட்டு, அணைத்த பிறகு யன்னலைத் திறந்து மணம் போகவிட்டு உள்ளே போகட்டும். என்னைக் கேட்டால் சவர்க்காரமும் வெயிலில் காய்ந்த படுக்கை விரிப்பும் போதும்.

நான் இரும்பு ஒட்டும்போது தெருவில் போகிற சின்னப் பிள்ளையும் முகத்தைத் திருப்பிக்கொண்டு போகும். பார்க்கக் கூடாது என்று ஊருக்கே தெரியும். இந்த விளக்குக்கு அந்தப் பேச்சு இன்னும் ஊரில் உண்டாகவில்லை. "எரியும்போது அறையில் நிற்காதே" என்று தமிழிலும் சிங்களத்திலும் கொட்டை எழுத்தில் ஒட்டாமல் இதை விற்கக் கூடாது என்று பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபை ஒரு கட்டளை போட்டால் என்ன? அந்தச் சபையின் 1977 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு அழைத்து முறைப்பாடு சொல்லப்போகிறேன். கண் வெந்த மற்றவர்களும் சொல்லுங்கள்.

அந்த விளக்கு இப்போது என் பட்டறையில் சாக்குக்குள் இருக்கிறது. உடைத்தால் பாதரசம் வெளியே வரும், குப்பையோடு போடவும் மனமில்லை. மட்டக்களப்புப் பக்கம் இதை முறையாக வாங்கிக்கொள்கிற இடம் இருந்தால் தெரிந்தவர்கள் உங்கள் பத்திரிகைக்கே எழுதட்டும், கொண்டுபோய்க் கொடுத்துவிடுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வெல்டிங் தொழிலாளி,
களுவாஞ்சிக்குடி